மண்டியைக் கழுவிய நாள்

ஜனவரி 9

பொடிசுக்கு அண்ணன் எழுதுறது. இங்க நான் நல்லா இருக்கேன், அண்ணியும் நல்லா இருக்கா. அவ முழங்கால் மட்டும் மழை வர்றதுக்கு முன்னாடியே மழையைச் சொல்லிடுது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கீங்க? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஆவி அடிச்சு உன் கை கொப்புளிச்சதே, ஆறிடுச்சா?

அண்ணன் என்ன திடீர்னு கடுதாசி எழுதுறான்னு பயந்துடாதே. போன் தண்ணித்தொட்டியில விழுந்துடுச்சு. அண்ணி அதை வெயில்ல திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவெச்சா. ம்ஹூம், மூச்சு விடல. சரி, கடுதாசி போடுவோம்னு பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைக்குப் போயித் தாளைக் கை காட்டினேன். "எந்த வகுப்புக்கு?"ங்குறான் கடைக்காரன். நாலு விரலைக் காட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அவ்வளவு வரைக்கும் எனக்கு எழுத்து தெரியும்னு வெச்சுக்கயேன். எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். மூட்டை மேல உக்காந்து, மூட்டையில எழுதியிருக்கறதை விரல் வெச்சு வெச்சுக் காட்டுவே. ஊரெல்லாம் 'அம்மா, ஆடு'ன்னு ஆரம்பிச்சான், நான் 'கத்தரி'ன்னு ஆரம்பிச்சேன்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், நம்ம காய்கறி மண்டி. அதை நகரசபை எடுத்துக்கப் போகுதாம். வண்டி நிறுத்தற இடமாக்கப் போறாங்களாம். நமக்கு வெளிவட்டச் சாலைக்கு அந்தாண்ட இடம் தர்றாங்களாம். லாரி வெச்சிருக்கறவனுக்கு அது பக்கம்தான். ஊருக்குப் பின்னாடி ரெண்டு பாத்தி கீரையும் ஒரு பாத்தி தக்காளியும் போட்டுத் தலையில சுமந்துட்டு வர்றவங்க அங்க எப்படிப் போவாங்க? ஒரு வெள்ளாமை பார்ப்பாங்க, அடுத்ததுக்கு விதைக்கவே மாட்டாங்க. நகரசபைத் தலைவியம்மா கெட்டவங்க இல்ல. கடைத்தெருவுல மருந்துக்கடை வெச்சிருக்காங்களே, அவங்கதான். ஆனா மண்டி விடியக்காலமே கூடி, வெயில் ஏறறதுக்குள்ள முடிஞ்சிடுது. அவங்க கடை திறக்கறப்ப இங்க ஒரு நாயும் நாலு கோசு இலையும்தான் கிடக்கும். அதைப் பார்த்துட்டு, சும்மா கிடக்கற இடம்னு நினைச்சுட்டாங்க.

மே மாசம் சபையில கை தூக்கி முடிவு பண்ணுவாங்களாம். அதுக்குள்ள எடுத்துச் சொல்லணும். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. பார்ப்போம்.

இந்தத் தாள்ல இனி இடம் இல்ல. உடம்பைப் பார்த்துக்கோ. மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு.
அண்ணன்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். கைக்கொப்புளம் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை முதலில் பார்த்தபோது பயந்துதான் போனேன். பிரித்துப் படித்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இஸ்திரி எந்திரத்தில் நிற்கிற அக்கா, "உங்க அண்ணன் எழுதறப்பவும் பேசிக்கிட்டேதான் எழுதுவாரா?" என்று கேட்டாள்.

மண்டியை எடுத்துவிடுவார்கள் என்று படித்ததும் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. இங்கே துணிகளுக்கு மருந்து வாசனைதான். ஆனால் அன்று முழுக்க என் விரல்களில் தக்காளிக் காம்பு வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய தராசில் என்னை ஒரு தட்டில் உட்காரவைத்து, இன்னொரு தட்டில் பூசணிக்காயை வைப்பீர்களே? பூசணி ஜெயித்தால் நான் அழுவேன். அப்பா தெரியாமல் விரலால் என் தட்டை அழுத்துவார்.

நீ எதற்கு யோசிக்கிறாய்? மண்டியில் உன் பெயரே 'ரேடியோ'. நீ ஏலம் கூறினால் மூன்று தெரு தள்ளி இருக்கிறவர்கள் தக்காளி விலை தெரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள். சபையில் எழுந்து நின்று வாயைத் திற, போதும். பிறகு, மாப்பிள்ளையிடம் பழைய போன் ஒன்று இருக்கிறது. அனுப்பி வைக்கிறோம். உன் குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
உன் தங்கை

பிப்ரவரி 20

பொடிசுக்கு, இங்க சுகம். மாப்பிள்ளைக்கு இருமல்னு கேள்விப்பட்டேன், சுடுதண்ணி குடிக்கச் சொல்லு. குளிர்ந்தது எதையும் தொண்டையில விடக் கூடாது, சொல்லிட்டேன்.

போன் வேண்டாம். அனுப்பாதே. கடுதாசிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. போன்ல பேசினா காத்தோட போயிடுது. கடுதாசியை அண்ணி தலையணைக்கு அடியில வெச்சுக்கறா.

சபையில பேசற விஷயம். யோசிச்சேன். பேச்சு எதுக்கு? பேசத்தான் அங்க ஆள் இருக்காங்களே, ஒருத்தர் பேச இன்னொருத்தர் கொட்டாவி விட. பேசாம அவங்களையே இங்க கூட்டிட்டு வந்து காட்டிடலாம்னு சொன்னேன். வயல்ல பறிக்கறது, வண்டியில ஏத்தறது, மண்டியில இறக்கறது, கடைக்காரங்க எடுத்துட்டுப் போறது. கண்ணால பார்த்தா புரியாதா? எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. நம்ம சித்தப்பாதான் விவசாயிங்களுக்கெல்லாம் பெரியவர் இல்லையா, அவரே நேர்ல போயி வரச் சொல்லிட்டு வந்தாரு. புதுச் செருப்பு போட்டுட்டுப் போனாரு, கடிச்சிடுச்சு, இப்ப செருப்பே இல்லாம நடக்கறாரு. தலைவியம்மா உடனே சரின்னுட்டாங்க. மார்ச் நடுவுல ஒரு வியாழக்கிழமை வர்றாங்க. மத்த உறுப்பினருங்களும் வர்றாங்க.

உங்க ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி பெரிய ஆளுங்க பார்வையிட வருவாங்கன்னு சொல்லியிருக்கியே. அப்ப என்னல்லாம் செய்வீங்க? எழுது. நமக்கு இதெல்லாம் பழக்கமில்ல.

மாப்பிள்ளைக்கு இருமல் நின்னுச்சான்னும் எழுது.
அண்ணன்

மார்ச் 8

பொடிசுக்கு, உங்கிட்டேருந்து பதிலே காணோம். இங்க சுகம்தான். அங்க யாருக்கும் உடம்பு சரியில்லையா? இல்ல, எம்மேல கோவமா? கோவம்னா ரெண்டு வரி திட்டியாவது எழுது.

இங்க கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. சித்தப்பா நின்ன இடத்துல நிக்கல. "பெரிய மனுஷங்க வர்றப்ப இந்த அழுகின இலை மேலயா நடக்க விடுவீங்க? மானம் போயிடாது?"ன்னு ஒரே சத்தம். வாய்க்கால் தண்ணியை மண்டிக்குள்ள திருப்பிவிட்டுக் கழுவறோம். நம்ம மண்டிக்குக் கீழ சிமெண்டுத் தரை இருக்குன்னு இத்தனை வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது போ. கூடையெல்லாம் கொட்டகைக்குப் பின்னாடி போயாச்சு. தள்ளுவண்டி எல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமா.

இதுல சித்தப்பா இன்னொண்ணும் சொல்லிட்டாரு. "விருந்தாளி வர்றப்ப நாம முதுகைக் காட்டிக்கிட்டு வேலை செய்யறதா? அன்னைக்கு யாரும் பறிக்க வேண்டாம், யாரும் சுமக்க வேண்டாம். எல்லாரும் துவைச்ச சட்டை போட்டுட்டு வந்து வரவேற்கணும்." எல்லாரும் ஆமாம் ஆமாம்னாங்க. வீட்டுக்கு ஆள் வந்தா கையில இருக்கற வேலையைக் கீழ வைக்கறதுதானே மரியாதை. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. கீரைக்காரம்மாவை மட்டும் சமாளிக்க முடியல. "ஒரு நாள் விட்டா என் கீரை பூத்துடும், அதுக்கு யாரு மரியாதை செய்வா?"ன்னா. அவ தொண்டை உனக்குத் தெரியாது, சைரன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க.

சீக்கிரம் எழுது. அண்ணி கேட்டா.
அண்ணன்

மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே சுகம். அவருக்கு இருமல் நின்றுவிட்டது. இந்தக் கடிதமும் உன் அடுத்த கடிதமும் வழியில் எதிரெதிரே கடந்து போகும் என்று நினைக்கிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். பொய் சொல்ல மாட்டேன். உன் பக்கத்து வீட்டு போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை நீ குளிக்கிறாய் என்றார்கள். இரண்டாவது முறையும் குளிக்கிறாய் என்றார்கள். இவ்வளவு குளிக்கிறவன் இல்லையே என் அண்ணன்? என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு. இப்படியே யோசித்துக்கொண்டு எழுதாமல் இருந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். எங்களிடம் பார்வையிட ஆள் வந்தால் மேற்பார்வையாளர் முதல் நாளே அழுக்குத் துணியை எல்லாம் பின்னறையில் அடைத்துப் பூட்டுவார். எந்திரங்களை நிறுத்தித் துடைப்போம். போன வருடம் வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கதான் வேலையே இல்லையே, எதுக்கு இத்தனை பேர்?" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்களில் சிலரை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்த வேலையையும் சேர்த்து நாங்கள்தான் செய்கிறோம்.

அதனால் அண்ணா, எதையும் கழுவாதே. எதையும் நிறுத்தாதே. அவர்கள் காலில் சேறு படட்டும். கூடை இடிக்கட்டும். நீ ஏலம் கூறுவதைக் கேட்டு அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அண்ணியிடம் தனியாகக் கேள், நீ ஏன் இத்தனை முறை குளிக்கிறாய் என்று.
உன் தங்கை

மார்ச் 18

பொடிசுக்கு, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மனசுதான் சுருண்டு கிடக்கு. உன் கடுதாசி, அவங்க வந்துட்டுப் போன மறுநாள் வந்துச்சு. படிச்சுட்டு அண்ணி என்னைப் பார்த்தா, நான் கூரையைப் பார்த்தேன்.

வந்தாங்க. வரிசையா நாற்காலி போட்டிருந்தோம். சித்தப்பா வெள்ளைச் சட்டை, பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுட்டு மூச்சு முட்டிக்கிட்டு நிக்கறாரு. தரை பளபளன்னு கண்ணாடி மாதிரி. ஒரு இலை இல்ல, ஒரு கூடை இல்ல. வயலுக்குக் கூட்டிட்டுப் போனோம். பறிக்க ஆள் இல்ல, ஆனா வரப்பெல்லாம் சுத்தம். தக்காளி செடியிலயே செக்கச்செவேல்னு தொங்குது. ஒரு உறுப்பினர் அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு.

தலைவியம்மா சொன்னாங்க, "எவ்வளவு அமைதியா இருக்கு! ஊருக்கு நடுவுல இப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியாமப் போச்சே."

சித்தப்பா பூரிச்சுப் போயிட்டாரு. அப்பத்தான் கூட வந்தவரு கேட்டாரு, "தரை நல்லா கெட்டியாத்தான் இருக்கு. வண்டி நிறுத்த மேல வேற எதுவும் போட வேண்டியதில்ல, இல்லீங்களா?"

பொடிசு, நாங்க அத்தனை பேரும் அந்த இடத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு அவங்க வண்டிக்குத் தயார் பண்ணி வெச்சிருக்கோம்.  சித்தப்பா வழியனுப்பிட்டு வந்து, போட்ட நாற்காலியில உக்காந்தவருதான், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல.

வேற என்ன எழுத. நீங்க நல்லா இருங்க.
அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே நாங்கள் சுகம். அண்ணியும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் மேற்பார்வையாளர் படித்தவர், அவரும் அதையேதான் செய்தார்.

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததைப் பார்த்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் மண்டி டீக்கடை போனுக்குக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நீ குளிக்க முடியாது அல்லவா? டீக்கடைக்காரர், "ரேடியோவா? இங்கதான் நிக்கறாரு, தர்றேன்" என்றார். பிறகு யாரோ போனை வாங்குகிற சத்தம். மூச்சு விடுகிற சத்தம். பேச்சு வரவில்லை.

பின்னால் ஏலம் கேட்டது. தக்காளிக்கு ஒரு பெண் விலை கூறிக்கொண்டிருந்தாள். நல்ல கணீரென்ற குரல். ஆனால் அது உன் குரல் இல்லை அண்ணா. அந்த நேரத்தில், அந்த இடத்தில், உன்னைத் தவிர இன்னொருவர் ஏலம் கூறி நான் கேட்டதே இல்லை.

நான் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டேன். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தாய். எனக்குத் தெரியும்.

இனி எதையும் மறைக்காமல் எழுது. அண்ணியையும் ஒரு வரி எழுதச் சொல்.
உன் தங்கை

ஏப்ரல் 15

பொடிசுக்கு, சுகம்னு ஆரம்பிக்கக் கை வர மாட்டேங்குது. ஆனா இப்ப சுகம்தான், நம்பு. கீழே அண்ணி கையெழுத்துப் போட்டிருக்கா பாரு, அதுக்கு 'இவர் சொல்றது உண்மை'ன்னு அர்த்தம்.

போன மழைக்காலத்துல தொண்டை கட்டிக்கிச்சு. கத்திக் கத்திக் கட்டியிருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் டாக்டர் உள்ள ஒரு கட்டி இருக்குன்னாரு. எடுத்துட்டாங்க. கெட்ட கட்டி இல்லையாம், அதை நல்லா கேட்டுக்கிட்டேன். ஆனா அதோட குரலும் போயிடுச்சு. இப்ப பேசினா சைக்கிள் டியூப்ல காத்து போற சத்தம்தான் வருது. பக்கத்துல வந்து காது கொடுத்தாக் கேக்கும், அவ்வளவுதான். போனும் தண்ணியில விழல. அலமாரியில இருக்கு. அடிக்கறப்பெல்லாம் அண்ணி ஒரு துணியைப் போட்டு மூடுவா.

உங்கிட்ட சொன்னா நீ வேலையை விட்டுட்டு ஓடி வருவே. அது ஒண்ணு. இன்னொண்ணு, உனக்கு அண்ணன்னா அந்தக் குரல்தானே. கடுதாசியில எழுதினா நீ அந்தக் குரல்லயே படிப்பேன்னு நினைச்சேன். மூணு மாசம் உங்கிட்ட மட்டும் நான் ரேடியோவாவே இருந்துக்கிட்டேன். இனிமே சைரன்தான் ஏலம் கூறுது. கீரைக்காரம்மா. நல்லாத்தான் கூறுறா, கொஞ்சம் அவசரம்.

இப்ப நல்ல சேதி. அழுதது போதும், கண்ணைத் துடை.

அந்த வியாழக்கிழமை தலைவியம்மா இங்கேருந்து நேரா சாப்பிடப் போயிருக்காங்க. சாப்பாட்டுக்கடையில, "காய் வரலீங்க, சோறு மட்டும்தான் இருக்கு"ன்னுட்டாங்க. டீக்கடை பூட்டியிருக்கு. சுமை தூக்கறவங்க வரலைன்னா அவரு யாருக்கு டீ போடுவாரு? பஞ்சர் ஒட்டறவரு டயர் மேலயே படுத்துத் தூங்கறாரு. முடிவெட்டறவரு தனக்குத்தானே வெட்டிக்கிட்டு இருந்தாராம், அது பொய்யாக்கூட இருக்கும். அம்மா அவங்க மருந்துக்கடைக்குப் போனா, அவங்க வீட்டுக்காரரு கவுண்டர்ல ஈ ஓட்டறாரு.

"என்ன இன்னைக்கு? ஊர்ல ஒருத்தருக்கும் நோயே இல்லையா?"ன்னு கேட்டிருக்காரு.

"ஏன், என்னாச்சு?"

"காலையில காய் வித்துட்டு வர்றவங்கதானே எனக்கு முதல் யாவாரம்! ஒருத்தரும் வரலையே. நீங்க எல்லாம் அவங்களை என்ன பண்ணீங்க?"

இதை அவரே டீக்கடையில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அந்தம்மா மட்டும் சிரிக்கலையாம்.

போன வாரம் ஒருநாள் விடியறப்ப, யாருக்கும் சொல்லாம, தனியா மண்டிக்கு வந்துட்டாங்க. எனக்கே முதல்ல தெரியல. "ஓரம் போம்மா! ஓரம் போம்மா! கண்ணு தெரியல?"ன்னு ஒரு சுமைக்காரன் கத்தறான், பார்த்தா தலைவியம்மா. செருப்புல கோசு இலை, தோள்ல வெங்காயத் தோல். சித்தப்பா ஓடி வந்து, "ஐயோ, தரையைக் கழுவலையே, கழுவலையே"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. அந்தம்மா, "கழுவிடாதீங்க ஐயா, தயவு செஞ்சு"ன்னாங்க. முடியற வரைக்கும் நின்னாங்க. வித்தவங்க எந்தெந்தக் கடைக்குப் போறாங்கன்னு பின்னாடியே நடந்து போயிப் பார்த்தாங்களாம், பாத்திரக்கடை, விதைக்கடை, கடைசியில அவங்க கடை.

இன்னும் முடிவாகல. மே மாசம் சபை. மண்டியிலேருந்து ஒருத்தர் பேசணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. சித்தப்பா என் பேரைக் கொடுத்துட்டாரு. நான் என்ன பண்ணுவேன் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கோ. ஓடி வராதே.
அண்ணன்
(அண்ணியின் கையெழுத்து)

ஏப்ரல் 24

அண்ணா, நான் அழுது முடித்துவிட்டேன். இங்கே சுகம். அண்ணியின் கையெழுத்தைப் பார்த்தேன், அதனால் நம்புகிறேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். முதல் கடிதத்தை உன் பழைய குரலில்தான் படித்தேன். இந்தக் கடிதத்தை அந்தக் குரலில் படிக்க முயன்றேன், முடியவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்வதுபோலத்தான் இருந்தது. அதுவும் நீதான். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

சபைக்கு நீயே போ. காற்று போகிற சத்தம் வந்தால் வரட்டும். கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் வரட்டும்.

சித்தப்பாவுக்குப் பெரிய அளவில் செருப்பு ஒன்று அனுப்பியிருக்கிறேன். இது கடிக்காது.
உன் தங்கை

மே 19

பொடிசுக்கு, சுகம், சுகம், சுகம். அண்ணி முழங்கால்கூட இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கு. செருப்பு வந்துச்சு, சித்தப்பா தூங்கறப்பதான் கழட்டறாரு.

போனேன். என் பேரைக் கூப்பிட்டாங்க, எழுந்து நின்னேன். மைக்கை முன்னாடி வெச்சாங்க. அதுல என் சத்தம் புஸ்ஸுன்னு பாம்பு சீறற மாதிரி வந்துச்சு, முன்வரிசையில ஒருத்தர் காலைத் தூக்கிக்கிட்டாரு. மைக்கைத் தள்ளி வெச்சுட்டேன். அப்புறம் அந்த மண்டபத்துல ஒரு சத்தம் இல்ல. ஒரு நாற்காலி நகரல. எல்லாரும் முன்னாடி சாஞ்சு சாஞ்சு கேக்கறாங்க. நான் கத்தின காலத்துல ஒருத்தனும் என்னை இவ்வளவு கவனமா கேட்டதில்ல, தெரியுமா? பாதிப் பேரு கேக்காத மாதிரிதான் நிப்பாங்க, விலை குறையட்டும்னு.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க வந்தன்னைக்கு உங்களுக்காக வேலையை நிறுத்தி வெச்சோம். அது எங்க தப்பு. நிறுத்தினா ஊர் எப்படி இருக்கும்னு அன்னைக்குப் பார்த்துட்டீங்க. நடக்கறப்ப எப்படி இருக்கும்னு பார்க்கல. வந்து பார்த்துட்டு அப்புறம் கை தூக்குங்க."

அன்னைக்குத் தக்காளியோட போட்டோ எடுத்துக்கிட்ட உறுப்பினரு, "பார்த்தாச்சேங்க, திரும்ப எதுக்கு?"ன்னாரு. தலைவியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாங்க. "நானும் அப்படித்தான் நினைச்சேன். நாளைக்கு விடியக்காலம் என்னோட வாங்க, பழைய செருப்பு போட்டுட்டு வாங்க"ன்னாங்க. முடிவைத் தள்ளி வெச்சாங்க. அடுத்த வாரம் முழுக்க ஆளாளுக்கு வந்தாங்க. ஒருத்தர் கால்ல பூசணிக்காய் விழுந்துச்சு, வேணும்னு யாரும் போடல.

நேத்து கை தூக்கினாங்க. மண்டி இருக்கற இடத்துலயே இருக்கும். வண்டி நிறுத்த, மூடிக் கிடக்கற பழைய சினிமாக் கொட்டகை இடத்தைப் பார்க்கறாங்களாம். போட்டோக்காரரு மட்டும் கை தூக்கல. சரி போகட்டும், அவரு வீட்டுக்கும் நம்ம கத்தரிக்காய்தான் போகுது.

இன்னைக்குக் காலையில முதல் தடவையா நான் வாங்கறவங்க பக்கம் நின்னு ஏலத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதிர்ப்பக்கம்தானே நின்னிருக்கேன். சைரன் குரல் மேல போகுது, சனங்க நெருக்கறாங்க, யாரோ என் காலை மிதிக்கறான், வெயில் அப்பத்தான் கூரை ஓட்டையில இறங்குது. இங்கேருந்து பார்க்க இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு யாரும் சொன்னதே இல்ல.

எப்ப வர்றே? நீ வந்தா பஸ்ஸுக்கு வந்து நிக்கறேன்.
அண்ணன்

மே 30

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே நாங்கள் சுகம். லீவு கொடுத்துவிட்டார்கள். பத்தாம் தேதி விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன்.

பஸ்ஸுக்கு வர வேண்டாம். மண்டியிலேயே நில், நேராக அங்கே வந்துவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில், உன்னால் என்னைக் கூப்பிட முடியாது. அதனால் என்ன? நான் கூப்பிடுகிறேன். நீ திரும்பிப் பார்த்தால் போதும்.

உன் தங்கை